காக்கும் மருந்தும் கை நடுக்கமும்

பிறர் உறுப்பை உடலிற் பொருத்துதல் அறுவை வைத்தியரின் திறமையால் மட்டும் நிறைவேறுவதன்று. வந்த உறுப்பை அந்நியமெனக் கண்டு அழிக்க முற்படுவது உடலின் இயல்பு. 1954ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மறே குழுவினர் செய்த சிறுநீரக மாற்றம் வெற்றியுற்றதன் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரேயுருவான இரட்டையராயிருந்தமையே. ஏனையோர்க்கோ உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டும்.

அம்மருந்துகளுட் தலையாய இரண்டு மண்ணிலிருந்து கிடைத்தவை. நோர்வே நாட்டு மேட்டுநில மண்ணிலிருந்த பூஞ்சணம் சைக்கிளோசுபோரினைத் தந்தது. 1984இல் யப்பானின் சுக்குபா மண்ணிலிருந்த நுண்ணுயிர் தக்குரோலிமசைத் தந்தது. இவை வெண்குருதிக் கலங்களிலுள்ள கல்சினியூரின் என்னும் நொதியத்தை முடக்குகின்றன. அந்நொதியம் மூளையிலும் மிகுதியாக உண்டு. ஆதலின், உறுப்பைக் காக்க வந்த மருந்து நரம்பையும் தீண்டுதல் வியப்பன்று.

கை நடுக்கமே பெரும்பாலும் முதற்குறி. கோப்பைத் தேநீர் தளம்பும், கையெழுத்துக் கோணும். தலைவலி, துயிலின்மை, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு என்பனவும் தோன்றலாம். அரிதாகச் சிலர்க்கு மனக்குழப்பமும், வலிப்பும், பார்வை மங்கலும் நேர்வதுண்டு. இவ்வேளையில் ஒரு நாளும் தாமதித்தலாகாது. குருதியமுக்கத்தைத் தணித்து, மருந்தைக் குறைத்தோ மாற்றியோ கொடுப்பின், பெரும்பாலோர் நலம் பெறுவர்.

இங்கே இல்லத்தார் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று மறைத்தல். சிறுநீரகம் ஈந்தவள் தாயாயின், அவள் மனம் நோகுமென்று மகன் நடுக்கத்தைச் சொல்லாதிருப்பான். மற்றையது, மருந்தே குற்றவாளியெனத் தாமாகவே நிறுத்திவிடுதல். முன்னையதினும் இது கொடிது. தாய் ஈந்த உறுப்பையே உடல் அழித்துவிடக்கூடும்.

மருந்தின் அளவு குருதியிற் சிறிது மிகினும் குறையினும் இடருண்டு. எரித்திரோமைசின் அதனை உயர்த்தும். காசநோய்க்குரிய றிபாம்பிசின் தாழ்த்தும். கிரேப்புரூட் பழமும் அதன் இனமாகிய பம்பளிமாசும் விலக்கத்தக்கவை. ஆகவே பிறிதொரு நோய்க்கு மருந்து வாங்கும்போதும், தாம் உறுப்பு மாற்றம் பெற்றவரென்பதை முதலிற் கூறுதல் வேண்டும். குருதிச் சோதனை நாளிற் காலை மாத்திரையை விழுங்குமுன்னரே குருதி கொடுத்தல் முறை.

நடுக்கம் தொடங்கிய நாளையும், மாத்திரை உண்ட நேரத்தையும் வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் கொப்பியிற் குறித்து வைப்பாராக. வைத்தியருக்கு அக்குறிப்புப் பேருதவியாகும்.