திகதி எழுதாத தர்மம்

பிறந்தநாள், நினைவுதினம் என்றால் ஊரிலுள்ள முதியோர் இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது நம்மவர் வழக்கம். கனடாவிலிருந்து பணம் வருகிறது. இங்கிருந்து புகைப்படம் போகிறது. எஞ்சிய சோறும் கறியும் எங்கே போகின்றன என்று எவரும் கேட்பதில்லை.

நான் பார்த்த சமையலறைகளில் அவை மூடியில்லாத சட்டிகளில் குளிர்சாதனப் பெட்டிக்குள் போயின. எப்போது சமைத்தவை? எங்கும் எழுதப்படவில்லை. கேட்டால், "சூடாக்கித்தானே கொடுக்கிறோம்" என்கிறார்கள்.

சூடாக்கினால் போதாது. வெளியே கிடந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. லிஸ்டீரியாவோ குளிரிலும் வளரும். இளைஞனுக்கு ஒருநாள் வயிற்றோட்டத்தோடு போவது, எண்பது வயதுத் தாயின் உயிரையே பறிக்கலாம்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரூட்டுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் உணவுச் சட்டம் 1980இலும், முதியோர் உரிமைச் சட்டம் 2000இலும் வந்துவிட்டன. இல்லாதது, சமைத்த திகதியும் நேரமும் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி.

பணம் அனுப்பும் அன்பர்களே, அடுத்தமுறை அந்தக் கடதாசியையும் கேளுங்கள். பழுதான சோற்றைப் பரிமாறுவது தர்மமல்ல.