வழிவிடுதல்

கண்டியிலிருந்து நுவரெலியா வரை, 22 பகுதிகளாய், 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது பீக்கோ நெடுவழி. கலஹாவிலிருந்து லூல்கந்துர நோக்கிச் செல்லும் அதன் இரண்டாம் பகுதியில், யானும் நண்பர் ஒருவரும் மூட்டை கட்டிய துவிச்சக்கரவண்டிகளில் ஒரு பகல் சென்றோம். ஏற்றத்தில் ஏறி வந்த வண்டியே எமக்குச் சுமையாயிற்று.

ஒற்றையடிப் பாதையில், கொழுந்துச் சாக்கைத் தலையிற் சுமந்து தாய் ஒருவர் எதிர்ப்பட்டார். நண்பர் மணியடித்தார். அவரோ, சுமையுடன் சரிவில் ஒதுங்கி நின்றார். யாம் நாணினோம்.

1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கினார் என வரலாறு கூறும். அம்மலைப் பாதைகளைத் தேய்த்து வழியாக்கியவை தொழிலாளர் கால்களன்றோ? எமது சுமை பொழுதுபோக்கு; அவரது சுமை பிழைப்பு. ஆங்கே மணியடித்தல் முறையன்று. இறங்கி வழிவிடுதலே முறை என்பது எம் துணிபு.