திட்டினால் பல் சுத்தமாகுமா?

போன வருஷம் ஒரு தாயார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். ''வாய் நாத்தம் தாங்கலை டாக்டர். ஏதாவது சூரணம் குடுங்க. ஒழுங்கா பல்லைத் தேய்டின்னா கேட்கிறதே இல்லை!'' என்றார். பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் கேட்டேன். ''தேய்ச்சா ரத்தம் வருது சார். பயந்து போய் விட்டுட்டேன். கிளாஸ்ல பதில் தெரிஞ்சாலும் எந்திரிக்க மாட்டேன். பக்கத்துல இருக்கறவ மூக்கைப் பொத்துவாளோன்னு...''

பாருங்கள், அம்மா சோம்பேறித்தனம் என்று நினைத்தது உண்மையில் பயம்! பல் வலித்தால்தான் கஷ்டம் என்றில்லை. வாய்விட்டுச் சிரிக்க முடியாமல், தோழிகளோடு சேர்ந்து சாப்பிடக் கூசி, தெரிந்த பதிலையும் விழுங்கிக்கொண்டு வளர்வதும் கஷ்டம்தானே?

பருவ வயதில் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்களால், பல்லில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலே ஈறு வீங்கி ரத்தம் கசியும். ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்தினால் அழுக்கு கூடும், ரத்தமும் கூடும். இதை அந்தப் பெண்ணுக்கு யாருமே சொல்லவில்லை. எல்லோரும் திட்டத்தான் செய்தார்கள்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-ல் ஒரு கருத்தை எழுதினார். 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதன் ஒரு காரியத்தைத் தொடங்கி, விடாமல் செய்வான். அந்த நம்பிக்கை உபதேசத்தால் வருவதைவிட, தானே செய்து பார்த்து ஜெயிப்பதால்தான் அதிகம் வரும் என்றார். முப்பது வருஷ வைத்திய அனுபவத்தில் நான் கண்டதும் இதுதான். நானும் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் பண்ணினவன்தான். பலன் பூஜ்யம்!

அந்தப் பெண்ணுக்கு நான் சூரணத்தை முதலில் கொடுக்கவில்லை. கல் மாதிரி இறுகிவிட்ட காரையை எந்தக் கஷாயமும் கரைக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். பல் டாக்டரிடம் போய் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னேன். பிறகு மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிஷம், ஈறு ஓரமாக மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் அவளையே செய்து காட்டச் சொன்னேன். துணைக்குத் திரிபலா கஷாயம் கொப்பளிக்க. ''ரத்தம் என்னிக்கு குறையுதுன்னு நீயே காலண்டர்ல குறிச்சுட்டு வா'' என்றேன். அம்மாவுக்கும் ஒரு மருந்து... 'பல் தேய்ச்சியா?' என்று கேட்கவே கூடாது!

இயற்கை என்ற பெயரில் செங்கல் பொடி, கரி, உப்பு என்று பரபரவெனத் தேய்க்காதீர்கள். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. புகையிலை கலந்த பற்பொடியை அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. பாட்டி வைத்திருந்தாலும் பிள்ளைகள் கையில் தராதீர்கள். ஆலங்குச்சி, வேலங்குச்சி நல்லதுதான். ஆனால், ஈறைக் குத்தாமல் தேய்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிரஷ்ஷைக் கடையில் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் பொறுப்பும் அவனுடையதாக, அவளுடையதாக இருக்கட்டும். ஒரு நாள் தவறினால் குத்திக்காட்டாதீர்கள். நாலு நாள் சரியாகச் செய்ததைக் கவனித்துச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து அம்மாவும் பெண்ணும் மறுபடி வந்தார்கள். ''எப்படிம்மா இருக்கு?'' என்றேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள்.

''நீ இரும்மா, நான் சொல்றேன்!''

துப்பட்டா தோளில் இருந்தது.