தொப்புள்கொடியை அறுக்க ஏன் இந்த அவசரம்?

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு புகைப்படம் உள்ளது. 2009 ஆம் ஆண்டு நியூ செர்சி மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் எங்கள் மூத்த மகள் பிறந்தபொழுது எடுத்தது. கையுறை அணிந்த என் கையில் கத்தரிக்கோல். இரு கவ்விகளுக்கு இடையே தொப்புள்கொடி. "அப்பாவே வெட்டலாம்" என்று செவிலியர் கூறியதைப் பெரும்பேறாகக் கருதி வெட்டினேன். குழந்தை வெளிவந்து பத்து நொடிகள்கூட ஆகியிருக்காது. கவ்விகளை எப்பொழுது இட வேண்டும் என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒன்று என்று எங்களுக்கும் தெரியாது.

இன்று அப்படத்தைப் பார்க்கும்பொழுது என் கண் செல்வது கொடியின் நிறத்தின்மீதுதான். அது நீலம் பாய்ந்து, தடித்து, முறுக்கிய கயிறுபோல் இருக்கிறது. அதாவது, அதனுள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே நான் வெட்டியிருக்கிறேன்.

குழந்தை பிறக்கும் நொடியில் அதற்குரிய இரத்தம் முழுவதும் அதன் உடலுக்குள் இருப்பதில்லை. நிறைமாதக் குழந்தையைப் பொறுத்தவரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் நிற்கிறது. அது தாயின் இரத்தமன்று, குழந்தையின் இரத்தம். கொடியைக் கவ்வாமல் விட்டால் முதல் நிமிடத்திற்குள் ஏறத்தாழ 80 மில்லி லிட்டரும், மூன்று நிமிடங்களில் 100 மில்லி லிட்டர் வரையிலும் குழந்தையைச் சென்றடைகிறது. மூன்று கிலோ எடையுள்ள உடலுக்கு இஃது எவ்வளவு பெரிய அளவு என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர்க் கொடியின் துடிப்பு அடங்கி, அது வெளுத்துத் துவண்டுவிடும். நம் துறையினருக்குப் புரியும்படி கூறுவதாயின், கோப்பு மாற்றம் முடியும் முன்னரே கம்பியைப் பிடுங்குவதைத்தான் உடனடி வெட்டு செய்கிறது.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? பேற்றுக்குப் பின் தாய்க்கு ஏற்படும் மிகை இரத்தப்போக்கைத் தடுக்க, கருப்பையைச் சுருக்கும் ஊசி, கொடியை உடனே கவ்வுதல், நஞ்சுக்கொடியை இழுத்தெடுத்தல் என்ற மூன்றையும் ஒரே கட்டாக மருத்துவர்கள் 1960களிலிருந்து கையாண்டனர். தாயின் உயிரைக் காத்தது அவ்வூசியே. கொடியை உடனே கவ்வுவதற்கு அதில் பங்கில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 3,911 தாய்மாரையும் அவர்தம் குழந்தைகளையும் உள்ளடக்கிய 15 ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தாமதித்துக் கவ்வுவதால் தாயின் இரத்தப்போக்கு குறிப்பிடத்தக்க வகையில் கூடவில்லை எனக் கண்டது. ஆயினும் பழக்கம் நின்றுவிட்டது. யாரோ என்றோ அமைத்த முன்னமைவை எவரும் மாற்றாமல் விட்டுவைப்பது கணினித்துறையில் மட்டும் நிகழ்வதன்று.

பயன் என்ன என்று கேட்பீர்கள். முதன்மையானது இரும்புச்சத்து. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. முதல் ஆறு மாதங்கள் குழந்தை பெரும்பாலும் பிறப்பில் பெற்ற இருப்பைக் கொண்டே வளர்கிறது. சுவீடனில் 400 நிறைமாதக் குழந்தைகளிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நொடிகளுக்குள் கொடி கவ்வப்பட்டோரில் 5.7 விழுக்காட்டினருக்கு நான்காம் மாதத்தில் இரும்புக் குறைபாடு இருந்தது. மூன்று நிமிடங்கள் காத்திருந்தோரில் 0.6 விழுக்காட்டினருக்கே இருந்தது. அக்குழந்தைகளுள் 263 பேரை நான்கு வயதில் மீண்டும் சோதித்தபொழுது, நுண்ணறிவு அளவில் வேறுபாடில்லை. விரல்களின் நுண்செயல் திறனில், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், சிறிது முன்னேற்றம் தென்பட்டது. 'அறிவாளிக் குழந்தை பிறக்கும்' என்று மின்னஞ்சல்களில் வலம்வரும் செய்திகளை ஆகையால் நம்பாதீர்கள். கிடைக்கும் பயன் உண்மையானது. அதை மிகைப்படுத்தத் தேவையில்லை.

குறைமாதக் குழந்தைகளிடமோ இஃது உயிர் பற்றியது. பல நாட்டு ஆய்வுகளிலிருந்து தனித்தனிக் குழந்தைகளின் தரவுகளைத் திரட்டி 2023 இல் லான்செட் இதழில் வெளியான பகுப்பாய்வு, கொடியைத் தாமதித்துக் கவ்வுவது குறைமாதக் குழந்தைகளின் இறப்பைக் குறைக்கிறது எனக் காட்டியது. காத்திருக்க நேரமில்லையெனக் கொடியை விரல்களால் வழித்துவிடும் முறையும் உண்டு. 28 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைகளிடம் அது மூளையில் இரத்தக்கசிவைக் கூட்டியதால், 2019 இல் வெளியான ஓர் ஆய்வு அப்பிரிவில் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

எங்கள் மகளுக்கு ஓராண்டுப் பரிசோதனையில் இரத்தச்சோகை தெரியவந்தது. இரும்புச் சொட்டு மருந்தைப் பழச்சாற்றில் கலந்து, அவள் துப்ப, நாங்கள் மீண்டும் ஊட்ட, பால்பற்கள் கறுத்தன. அன்று கொடியை அவசரமாக வெட்டியதுதான் காரணமா? கூற இயலாது. ஒரு குழந்தையை வைத்துக் காரணம் காட்டுவது அறிவியலாகாது. ஆயினும் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

நம்மவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கருவுற்ற செய்தி பரவியதுமே தொப்புள்கொடி இரத்த வங்கிகளின் வண்ணச் சிற்றேடுகள் வீடு தேடி வருகின்றன. பிள்ளைக்கு எதிர்காலக் காப்பீடு என்று எண்ணி ஆயிரக்கணக்கான டாலர்களைக் கட்டும் நண்பர்கள் எனக்குண்டு. கொடியிலுள்ள இரத்தம் குழந்தைக்குச் சென்றால் வங்கிக்குச் சேர்வது குறையும். இரண்டும் முழுமையாகக் கிட்டா. குடும்பத்தில் அதற்குரிய நோய் ஏதும் இல்லாதபோது தனியார் வங்கியில் காப்பீடாகச் சேமிப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017 ஆம் ஆண்டு அறிக்கையில் ஏற்கவில்லை. அந்த இரத்தம் இன்றே தேவைப்படும் ஒருவர் கொடியின் மறுமுனையில் இருக்கிறார் என்பதைச் சிற்றேடு கூறுவதில்லை.

"நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று எழுதுவது நம் தளங்களில் எளிதில் கைதட்டல் பெறும். எங்கள் ஊர் மருத்துவச்சி நஞ்சு விழும்வரை கொடியைத் தொடமாட்டார் என்று என் பாட்டி கூறியதுண்டு. ஆனால் ஊர்ப்புறப் பேறுகளில் தூய்மையற்ற கத்தியால் கொடியறுத்து, வில்வாதம் கண்டு இறந்த குழந்தைகளும் அக்காலத்தவரே. காத்திருத்தலை மட்டும் எடுத்துக்கொள்வோம், கத்தியை விட்டுவிடுவோம்.

இன்று உலக நலவாழ்வு அமைப்பு (2014) ஒரு நிமிடத்திற்கு முன் கவ்வ வேண்டாம் என்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, 2012 இல் குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் கூறியதை, 2017 இல் நலமாகப் பிறக்கும் நிறைமாதக் குழந்தைகளுக்கும் விரித்து, 30 முதல் 60 நொடிகள் எனப் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2018 இல் தொடங்கிய இரத்தச்சோகை ஒழிப்புத் திட்டத்திலும் இஃது இடம்பெற்றுள்ளது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. ஊரில் பேற்றுக்குக் காத்திருக்கும் தங்கையிடமோ மைத்துனியிடமோ அடுத்த முறை தொலைபேசும்பொழுது இதையும் கூறுங்கள், செலவு ஏதுமில்லை.

குறையே இல்லையா? உண்டு. காத்திருந்த குழந்தைகளில் சற்றுக் கூடுதலானோருக்கு மஞ்சட்காமாலைக்காக ஒளிச்சிகிச்சை தேவைப்பட்டதாக மேற்சொன்ன 2013 மதிப்பாய்வே கூறுகிறது. நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் மஞ்சள் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே வீடு திரும்பும் முன் பிலிருபின் அளவைக் கேட்டுப் பெறுங்கள். குழந்தைக்கு உடனடியாக மூச்சூட்ட வேண்டியிருந்தாலோ தாய்க்குக் கடும் இரத்தப்போக்கு இருந்தாலோ முடிவு மருத்துவருடையது. அந்நேரத்தில் வாதிடாதீர்கள்.

வாதிட வேண்டிய நேரம் அதற்கு முன். 2017 இல் இளையவன் பிறக்குமுன், முப்பத்திரண்டாம் வாரச் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டோம். எழுதிய தாளை அவருடைய கோப்பில் வைக்கச் சொன்னோம். பேற்றுநாளில் பணியில் இருப்பவர் வேறு மருத்துவராகவும் இருக்கலாம் என்பதால், அறைக்குள் நுழைந்ததும் செவிலியரிடம் நான் மீண்டும் கூறினேன். தாய் வலியில் இருப்பாள். இதைக் கூறும் பொறுப்பு தந்தையுடையது. இளையோரே, நாளை உங்களுடையதும்.

என் மாமியார் அஞ்சினார். "வெட்டாம வெச்சிருந்தா புள்ள ரத்தம் திரும்பிப் போயிடாதா மாப்பிள்ளை?" நல்ல கேள்விதான். ஓட்டம் இருபுறமும் சிறிது உண்டு. நிகரமாகச் சேர்வது குழந்தைக்கே. குழந்தையைத் தாழப் பிடிக்க வேண்டும் என்று முன்னர் எண்ணினர். தாயின் வயிற்றின்மேல் கிடத்தினாலும் வேறுபாடில்லை என அர்ச்செந்தீனாவில் நடந்த ஆய்வொன்று 2014 இல் காட்டியது. அவ்வாறே மகனைத் தாயின் மார்பில் கிடத்தி, துணியால் போர்த்தி, காத்திருந்தோம். சுவர்க்கடிகாரத்தில் இரண்டரை நிமிடம். இம்முறையும் கத்தரிக்கோலை என்னிடம் தந்தனர். கொடி வெளுத்துத் துவண்டு கிடந்தது.