பசிக்கு மதம் உண்டா?

லண்டன் மாநகரில் தெருவில் கிடந்த பிள்ளைகளுக்கென்று பர்னார்டோ என்னும் கிறிஸ்தவப் பிரசாரகர் 1870-ல் ஸ்டெப்னியில் ஒரு விடுதி திறந்தார். இடமில்லையென்று திருப்பியனுப்பிய ஒரு சிறுவன் பசியாலும் குளிராலும் மாண்டுபோகவே, அதுமுதல் கதியற்ற எந்தக் குழந்தைக்கும் கதவடைப்பதில்லை என்று விதி செய்தார். இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். முன்ஜென்ம வினையென்று சொல்லி விலகிப் போகும் நமது வைதீகர்களுக்கு அவரைக் குறைகூற யோக்கியதை கிடையாது.

ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், சோற்றோடு வேதத்தையும் ஏன் ஊட்டவேண்டும்? தன் மகனைக் கத்தோலிக்க விடுதிக்கு மாற்றும்படி ஒரு தாய் கேட்டதற்கு, வழக்கு 1891-ல் பிரபுக்கள் சபைவரை போயிற்று. தாயே வென்றாள். இரண்டு சபைகளும் அடித்துக்கொண்டது பிள்ளையின் வயிற்றுக்காகவா, ஆத்மாவுக்காகவா?

அவ்விடுதியார் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அநேகர் பண்ணைகளில் உழைத்தார்கள். இவ்விதம் நாடுகடத்தப்பட்ட பிள்ளைகளுக்காக பிரிட்டிஷ் சர்க்கார் 2010-ல்தான் மன்னிப்புக் கேட்டது. கடவுள் பேரால் நடக்கும் தர்மத்தை யாரும் கணக்குக் கேட்பதில்லை, அதுதான் ஆபத்து.

பிள்ளைக்குச் சோறும் படிப்பும் பிச்சையல்ல, உரிமை. அதைச் சர்க்கார் கொடுக்கட்டும். பிறகு பாதிரிக்கும் வேலையில்லை, புரோகிதனுக்கும் வேலையில்லை.