நிறம் வேறு, மருந்து வேறு

சிவப்புப் புட்டியில் நீர் ஊற்றி வெயிலில் வைத்துப் பருகினால் இரத்தம் பெருகும். நீலப் புட்டி நீர் காய்ச்சலைத் தணிக்கும். மஞ்சள் புட்டி நீர் செரிமானத்தைச் சீராக்கும். இவ்வாறு கூறும் வர்ண சிகிச்சைக்கு நம் நாட்டில் நெடுநாளாகவே ஆதரவாளர்கள் உண்டு. இதில் கசப்பில்லை, ஊசியில்லை, பெரும் செலவும் இல்லை. ஆகவே மக்கள் மனம் அதை நாடுவதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் மனத்துக்குப் பிடித்தது நோயைத் தீர்க்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காணாமல் புட்டியைக் கையில் எடுப்பது ஆபத்து.

ஒளிக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை. டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென், தோலைத் தாக்கும் ஒருவகைக் காசநோயைச் செறிவூட்டிய ஒளிக்கதிர்களால் குணப்படுத்தினார். அதற்காக 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஃபின்சென், பெரியம்மை நோயாளிகளைச் சிவப்பு ஒளி மட்டுமே நுழையும் அறையில் வைத்தால் நல்லது என்றும் கூறினார். பின்னர் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. மேதையே சொன்னாலும் சோதனையில் தேறியதுதான் மருந்து.

பச்சிளங் குழந்தைகளின் காமாலைக்கு ஒளி மருந்தான வரலாறு சுவையானது. 1956-ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் செவிலியர் வார்டு என்பவர், வெயிலில் வைத்திருந்த ஒரு குழந்தையின் உடலில் மஞ்சள் நிறம் வெளுத்திருப்பதைக் கண்டார். துணியின் முனை மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அங்கேயே, வெயில்பட வைத்துவிட்ட இரத்தக் குழாய் ஒன்றில் பிலிரூபின் அளவு குறைந்திருந்ததும் தெரிய வந்தது. மருத்துவர்கள் ஆராய்ந்து 1958-ல் முடிவுகளை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் பயன்படும் நீல விளக்குச் சிகிச்சை அதிலிருந்து பிறந்ததே. ஏறத்தாழ 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, தோலிலுள்ள பிலிரூபினின் வடிவத்தை மாற்றுகிறது. அவ்வாறு மாறியது பித்தத்தோடும் சிறுநீரோடும் எளிதில் வெளியேறுகிறது.

நம் சித்த மருத்துவத்திலும் இதற்கு உறவுள்ள ஓர் அறிவு உண்டு. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி வெயிலில் காட்டும் வழக்கம் பழமையானது. அந்த விதையிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை ஒளிக்கு இணக்கமாக்குகிறது. பிற்காலத்தில் சோரலெனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சை மருத்துவமனைகளுக்கு வந்தது. இங்கே வேலை செய்வது கண்ணுக்கே புலப்படாத கதிர். அதற்கு நிறமே கிடையாது! அளவு மிஞ்சினால் தோல் வெந்து கொப்புளிக்கும் என்பதால் மருத்துவர் நேரத்தைக் கணக்கிட்டே கொடுக்கிறார்.

இவை எல்லாவற்றிலும் பொதுவானது அளவு. எந்தக் கதிர், எவ்வளவு வலிமை, எத்தனை நேரம், பலன் கண்டதா என்று இரத்தத்தையோ தோலையோ பார்த்துச் சொல்லும் சோதனை — இத்தனையும் உண்டு. நிறப் புட்டிக்கு இவற்றில் ஒன்றுமில்லை. வெயிலிலிருந்து எடுத்த பின் புட்டி நீர் தன்னுள் நீலத்தையோ சிவப்பையோ சேமித்து வைப்பதில்லை. அது வெறும் நீர்தான். கொஞ்சம் சூடான நீர்.

வர்ண சிகிச்சையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் இந்த மும்பையில் பிறந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. அன்றைய பம்பாயில் 1873-ல் பார்சிக் குடும்பத்தில் பிறந்த தின்ஷா கடியாலி, 1911-ல் அமெரிக்கா சென்றார். நிறக் கண்ணாடிகளைப் பொருத்திய விளக்குப் பெட்டிக்கு ஸ்பெக்ட்ரோ-குரோம் என்று பெயரிட்டு, எல்லா நோயும் அதில் தீரும் என்று விற்றார். ஆயிரக்கணக்கானோர் நம்பினர். 1947-ல் நியூஜெர்சி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 20,000 டாலர் அபராதம் விதித்தது. குணமடைந்தவர்கள் என்று அவர் காட்டிய சிலர் நோய் தீராமலே இருந்ததும், சிலர் இறந்துவிட்டதும் அந்த வழக்கில் வெளிவந்தன. வாக்குமூலங்கள் எத்தனை சேர்ந்தாலும் சோதனைக்கு ஈடாகா.

மனத்தின் மீது நிறம் செய்யும் வேலையோ? பச்சை வயலைக் கண்டால் மனம் குளிர்வதை யார் மறுப்பர்? 1979-ல் அமெரிக்காவில் சியாட்டில் கடற்படைச் சிறையொன்றில் அறைக்கு இளஞ்சிவப்பு பூசினால் கைதிகளின் கோபம் தணியும் என்றனர். பல சிறைகள் பின்பற்றின. சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாக ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவு, அப்படி எந்த மாற்றமும் இல்லை என்றது. 1972-ல் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரைகளைக் கொடுத்தபோது, நீல மாத்திரை தூக்கத்தையும் இளஞ்சிவப்பு சுறுசுறுப்பையும் தந்ததாக அவர்கள் உணர்ந்தனர். நிறம் எதிர்பார்ப்பை எழுப்புகிறது. எதிர்பார்ப்பு உணர்வை மாற்றுகிறது. விரும்பிய நிறத்தைச் சுவருக்குப் பூசலாம், சேலை உடுத்தலாம். அதனால் கெடுதி ஒன்றுமில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பு சர்க்கரையைக் குறைக்காது, கட்டியைக் கரைக்காது.

கெடுதி தாமதத்தில் இருக்கிறது. பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் காமாலை காண்கிறது. பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் கண்டாலோ, மஞ்சள் கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ ஒரு நாளும் பொறுக்கலாகாது. பிலிரூபின் மூளையில் ஏறிவிட்டால் செவிடும் கைகால் முடக்கமும் வாழ்நாள் முழுதும் நிற்கும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பாட்டிமார் சொல்வது அன்பினால். ஆனால் தாராவியின் சந்துகளில் விழும் ஒரு கீற்று வெயிலுக்கு அளவேது? நிற நீரைப் புகட்டுவதோ இரட்டைத் தீங்கு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி நீரே கூடாது என்பது மருத்துவர் சொல். நடந்து செல்லும் தூரத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது. அங்கே நீல விளக்கும் இருக்கிறது, இரத்தத்தைச் சோதிக்க ஆளும் இருக்கிறார்.

புற்றுநோய், நீரிழிவு, வெண்புள்ளி முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் ஏட்டில் உறங்காமல் பார்ப்பது அரசின் கடமை. ஒளியை வணங்கிய நாடு இது. அதை ஏளனம் செய்யச் சொல்வாரில்லை. நிறத்தைக் காட்டி மருந்து என்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: எந்த நோய்க்கு? எவ்வளவு? யார் சோதித்தார்? விடை வராவிட்டால் புட்டியை வைத்துவிட்டு மருத்துவரிடம் போவதே விவேகம்.