ஸ்டாம்புக்காக அட்டையைக் கொல்லாதீங்க சாமி!

மக்களே, கொஞ்ச நாளா ஒரே வயித்தெரிச்சல். இங்கே கொட்டிடறேன்.

பழைய கிறிஸ்துமஸ், புதுவருஷ வாழ்த்து அட்டை சேர்க்கிறவன் நான். எங்க புதுச்சேரியில ஒரு பழைய சாமான் கடையில போன மாசம் ஒரு டப்பா நிறைய அட்டை காட்டினாங்க. எடுத்துப் பார்த்தா எல்லாத்துலயும் ஒரு மூலையைக் காணோம்! ஸ்டாம்பைக் கத்தரிச்சு தனியா வித்துட்டாராம் புண்ணியவான். திருப்பினா, மாட்டுக்கொட்டகை இருக்கு, குழந்தை இருக்கு, மேலே இருந்த நட்சத்திரம் போயிடுச்சு.

ஸ்டாம்புக்கு கிராக்கி இருக்குன்னு எனக்கும் தெரியும். பிரெஞ்சிந்திய ஸ்டாம்பு வந்ததே 1892 முதல் 1954 வரைக்கும்தான். 1923-லேர்ந்து அதுல 'ஃபனோன்', 'காஷ்'னு விலை போட்டிருக்கும். வேற ஒண்ணுமில்ல, நம்ம பணமும் காசும்தான் பிரெஞ்சு வேஷம் கட்டியிருக்கு (24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்). ஆனா கத்தரிச்சா முத்திரை பாதி போயிடும். எந்த ஊர், எந்தத் தேதி, ஒண்ணும் தெரியாது. விவரம் தெரிஞ்ச ஸ்டாம்பு ஆளுங்களே முழு அட்டையோட இருந்தா கூட காசு குடுப்பாங்களே! பேராசைக்காவது மூளை வேணாமா?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், அதுல நம்ம வரலாறு எங்கே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். சரிதான், முதல் அச்சு அட்டை 1843-ல லண்டன்ல வந்தது. ஹென்றி கோல் சொல்லி ஹார்ஸ்லி வரைஞ்சது, விலை ஒரு ஷில்லிங். அதுல குழந்தை ஒயின் குடிக்குதுன்னு மதுவிலக்குக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. அது அவங்க கதை. பிரெஞ்சு வழக்கம் வேற. அவங்களுக்குப் புதுவருஷ வாழ்த்துதான் முக்கியம், ஜனவரி முழுக்க எழுதுவாங்க. கிறிஸ்துமஸ் மரம் போட்ட அட்டையை மட்டும் தேடினா எங்க ஊர்ல பாதி சரக்கு கைநழுவிடும். அப்புறம், இங்கேர்ந்து சைகோனுக்கு ராணுவம், போலீஸ், சுங்கம்னு வேலைக்குப் போனவங்க எத்தனை பேர்! அங்கேர்ந்து வீட்டுக்கு வர்ற அட்டையில படம் யாருக்கு வேணும்? பின்பக்கத்து நாலு வரியும் முத்திரையும்தான் சரித்திரம். அதைத்தான் கத்தரிக்கோல் தின்னுது.

இன்னொரு கோஷ்டி, பாதுகாக்கிறேன்னு லேமினேஷன் பண்றவங்க. என்ன கொடுமை சார் இது! சூட்டுல ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிரிச்சா அட்டையும் கூடவே கிழிஞ்சு வரும். அமிலமில்லாத காகித உறையில போட்டு வெயில் படாம வைங்க, போதும். குறிப்பு எழுதணும்னா உறை மேல எழுதுங்க, அதுவும் பென்சில்ல.

வீட்டுப் பரண்ல ஏதாவது கிடைச்சா கத்தரிக்கோல் எடுக்கறதுக்கு முன்னாடி பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. முழுசா இருந்தா ஸ்டாம்பு விலைக்கு மேலேயே நான் தர்றேன்.